லோவ்ரேக்குள் வீசும் காற்று

கயிறு தரையில் விழுந்து, ஒருமுறை துள்ளி, அடங்கிய பிறகுதான் லோவ்ரே இரண்டு கைகளையும் நீட்டுவான். கப்பலின் முனையில் நின்று கயிறு வீசும் ஸ்டிப்பே தலையில் அடித்துக்கொள்வான். லோவ்ரேக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. நீட்டிய கைகளைச் சற்று நேரம் அப்படியே வைத்திருப்பான். கயிறு அவற்றில் இல்லை என்பது மெல்ல உறைக்கும். பிறகு குனிந்து, எடுத்து, துறையின் இரும்புக் கட்டையில் மாட்டுவான். அதற்குள் இறங்க வேண்டியவர்களில் பாதிப் பேர் கப்பலின் ஓரத்தில் நின்று அவனைத் திட்டி முடித்திருப்பார்கள்.

"யோவ் டியூப்லைட்டு! கண்ண எங்கய்யா வச்சிருக்க?" என்பான் ஸ்டிப்பே.

"கயித்து மேலதான் வச்சிருந்தேன்" என்பான் லோவ்ரே.

அது உண்மை. கயிறு கிளம்பியது, வளைந்தது, விழுந்தது எல்லாவற்றையும் முழுதாகப் பார்ப்பான். பார்க்கும்போது இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் அவன் என்ன செய்வான், பாவம்.

துறையின் ஓரத்தில்தான் என் பெட்டிக்கடை. செய்தித்தாள், சிகரெட், தூண்டில் முள், வெயில் காலத்தில் ஐஸ்கிரீம். நானும் லோவ்ரேயும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஆகவே ஐம்பது வயது ஆளை 'அவன்' என்று எழுத எனக்கு உரிமை உண்டு. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். பூகோள வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று எழுந்து நின்று "ஐம்பத்தாறு" என்பான். முந்தைய கணக்கு வகுப்பில் கேட்ட கேள்விக்கு அது விடை. விடை எப்போதும் சரியாகத்தான் இருக்கும். பூகோள வாத்தியார்தான் பாவம், ஐம்பத்தாறு எந்த நாட்டின் தலைநகரம் என்று ஒரு கணம் குழம்பிப்போவார்.

குளவி கொட்டினால், கொட்டிய குளவி கூடு போய்ச் சேர்ந்த பிறகு "ஆ" என்பான். காலையில் வாங்கிய காபியை மத்தியானம் ஊதி ஊதிக் குடிப்பான். ஒருமுறை மீன்காரர் ஒருவரின் அடக்கத்துக்கு ஊரே போயிருந்தோம். பாதிரியார் குழியில் மண்ணைத் தூவுகிறார், விதவை விம்முகிறாள், அப்போது பின்வரிசையிலிருந்து லோவ்ரேயின் சத்தமான சிரிப்பு. "ஓ... கழுதையே அவனோட மாமியாருதானா!" முந்தின ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையில் சொன்ன ஜோக். விதவை திரும்பி முறைத்தாள். பிறகு அவளுக்கும் அந்த ஜோக் ஞாபகம் வந்துவிட்டது, அதைச் சொன்னதே செத்துப்போன மனுஷன்தான். அவள் முந்திக்கொண்டு சிரிக்க, பாதிரியார் உட்பட எல்லோரும் சிரித்து, ஒருவழியாக அடக்கம் முடிந்தது.

இவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்கிலிருந்து வரும் காற்றுக்கு எங்கள் தீவில் யூகோ என்று பெயர். தென்றல் என்று நினைத்துக் கவிதை எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். ஈரத் துணியைத் தலையில் சுற்றிவிட்ட மாதிரி இருக்கும். சுவர் வியர்க்கும். உப்பு கட்டிதட்டும். ரொட்டி நமுத்துப்போகும். மண்டை கனத்து, முட்டி வலித்து, இந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்று யோசிக்கவேண்டி வரும். கண் திறந்திருக்கும், ஆள் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பான்.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் யாரும் எதையும் முடிவு செய்ய மாட்டார்கள். ஊர்ச் சபை கூடும், காபி குடிக்கும், கலையும். புருஷன் பெண்டாட்டி சண்டை கணக்கில் சேராது. யூகோவில் ஒருவர் என்ன சொன்னாலும், வடகாற்று வந்து வானம் வெளுத்த பிறகு அதையே மறுபடி சொன்னால்தான் செல்லும். என் சித்தப்பா ஒருவர் யூகோவில் தன் ஆலிவ் தோப்பைக் கொடுத்து ஓர் அக்கார்டியன் பெட்டியை வாங்கிவிட்டார். காற்று மாறியதும், தோப்பை வாங்கியவனே தலையைச் சொறிந்தபடி வந்து பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். தோப்பைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? காற்று அப்படி.

ஆனால் எங்களுக்கெல்லாம் யூகோ வந்து போகும். லோவ்ரேக்கு அது வந்தால் போவதில்லை. வானம் பளிச்சென்று இருக்கும் நாளில் அவன் கட்டையில் சாய்ந்து, வாய் பிளந்து, இமையை முக்கால்வாசி இறக்கி நிற்பான். "என்னடா ஆச்சு?" என்று கேட்டால், "மண்டைக்குள்ள பஞ்சு அடைச்சிருக்கு பெரினா. விஷயமெல்லாம் உள்ளதான் இருக்கு. வெளிய வர்றதுக்கு வழி தெரியாம சுத்துது" என்பான். பெரினா நான்தான்.

இப்பேர்ப்பட்டவனிடம்தான் நெவென்கா தன் கேள்வியைக் கேட்டாள்.

துறைக்கு எதிரே உள்ள விடுதியில் சமையல் செய்பவள் நெவென்கா. புருஷன் செத்துச் சில வருஷம் ஆகிறது. மீனைத் திருப்பிப் போடும் கையும் ஆளைத் திட்டும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். இவளுக்கு எப்படி அவனைப் பிடித்தது என்று எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நான் பேசுனா கடைசி வரைக்கும் கேக்குற ஒரே ஆம்பள அவன்தான் பெரினா" என்றாள். "பாதிப் பேச்சுல பதில் சொல்றவனோடயே இருபது வருஷம் ஓட்டியாச்சு."

கேள்வியைக் கேட்டது குளிர்காலத்தில், வடகாற்று வீசி வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்த ஒரு காலையில். நல்ல நாள் பார்த்துத்தான் வந்திருந்தாள். என் கடை வாசலில், என் கண்ணெதிரில் அது நடந்தது.

"ஏய்யா லோவ்ரே. நீ ஒரு அடுப்பு மூட்டுற, நான் ஒரு அடுப்பு மூட்டுறேன். விறகு விக்கிற விலைக்கு, நாம ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சமைச்சா என்ன?"

என் கையிலிருந்த சிகரெட் பாக்கெட்டுகள் கீழே விழுந்தன. லோவ்ரே அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னைக்குப் பேப்பர் வந்துருச்சா?" என்றான்.

வந்திருந்த பேப்பரைச் சுருட்டி அவன் மண்டையிலேயே போட்டிருப்பேன். நெவென்காதான் என் கையைப் பிடித்தாள். "விடு. மண்டைக்குப் போய்ச் சேரட்டும்" என்றாள்.

போய்ச் சேரவில்லை. குளிர்காலம் போய்க்கொண்டே இருந்தது. கடலுக்கு அக்கரையில் ஸ்ப்ளிட் நகரத்தில் இருக்கும் அவள் அக்கா, அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நெவென்காவுக்கு வேலை பார்த்துச் சொல்லியனுப்பினாள். விடுதிக்காரரும் இந்தக் கோடையோடு விடுதியை மூடுவதாகப் பேச்சு. நெவென்கா நேராகத் துறைக்கு வந்து அவன் முன்னால் நின்றாள். "ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் கப்பலேறப் போறேன். வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. மசமசன்னு நின்னே என்னை அனுப்பி வச்சிடாத." அவன் தலையாட்டினான். எதற்கு ஆட்டினான் என்று யாருக்குத் தெரியும், அதற்கு முந்தின நாள் யாராவது வணக்கம் சொல்லியிருப்பார்கள்.

பிறகு பதில் வந்தது. எப்போது வந்தது தெரியுமா? தவக்காலத்தில், கடல் பழுப்பாகப் பொங்கி, துறையெல்லாம் வழுக்கி, நாய்கூடக் குரைக்கச் சலித்துப் படுத்திருந்த அசல் யூகோ நாளில். நான் விடுதிச் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். லோவ்ரே சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் வந்து நின்றான். கண் இரண்டும் தெளிவாக இருந்தன. நிமிர்ந்து நின்றான். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"சமைக்கலாம்" என்றான்.

"எதை? நெத்திலியா?" என்றாள் நெவென்கா.

"ஒரே அடுப்புல. நீயும் நானும். சமைக்கலாம். எனக்கு ரொம்ப ஆசை."

நெவென்காவின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அடுத்த நொடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையிலிருந்த கரண்டியை வீசினாள். அது அவன் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது.

"இன்னைக்கா சொல்லுவ? இந்தக் காத்துலயா சொல்லுவ? போய்யா! காத்து மாறட்டும், வந்து சொல்லு!"

அவன் கதவு தாண்டிப் போய், தெருமுனையில் திரும்பும்போது "ஆ" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டது கேட்டது.

அன்றைக்கே ஊர் இரண்டாகிவிட்டது. என் கடை முன்னால் ஆளாளுக்கு நியாயம் பேசினார்கள். பாதிரியார், யூகோவில் கேட்ட பாவசங்கீர்த்தனத்தையே தான் இரண்டாம் முறை கேட்பதுண்டு, கல்யாணப் பேச்சு எம்மாத்திரம் என்றார். அப்போது வாயைத் திறந்தது எங்கள் டாக்டரம்மா. லோவ்ரேயின் முட்டியில் தான் சுத்தியலால் தட்டிப் பார்த்த கதையைச் சொன்னார். கால் அசையவில்லையாம். சரி என்று மருந்து எழுதிக் கொடுத்து, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்த பிறகு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த லோவ்ரேயின் கால் தானாக எகிறி, குடை வைக்கும் பானையை உடைத்துவிட்டதாம்.

"நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "எல்லாம் வந்து சேருது. லேட்டா வந்து சேருது, அவ்ளோதான்."

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. அடிக்காத குறையாக எல்லோரையும் அதட்டி அடக்கிச் சொன்னேன்: "அப்போ காத்தும் அவனுக்கு லேட்டாத்தானே வரும்? வெளிய வடகாத்து அடிக்கிறப்போ அவன் உள்ள போன வார யூகோ அடிக்குது. வெளிய யூகோ அடிக்கிறப்போ உள்ள வானம் வெளுத்துக் கெடக்கு. சொல்றப்போ அவன் கண்ண நான் பாத்தேன்யா. அவன் சொன்னது தெளிஞ்ச நாள்ல சொன்னது. அது செல்லும்!"

ஸ்டிப்பே என் கையைப் பிடித்துக் குலுக்கினான். வெற்றி பெற்ற தோரணையில் நான் விடுதிக்கு ஓடி, நெவென்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவன் உள்ள அடிக்கிற காத்தெல்லாம் எனக்கு எதுக்கு? மரத்துல இலை எந்தப் பக்கம் சாயுதோ, அதான் எனக்குக் காத்து" என்றாள்.

"அடியே, நீயே ஆசைப்பட்டுட்டு நீயே ஏன்டி இப்படி அடம் பிடிக்கிற?"

கத்தியைக் கீழே வைத்தாள். "என் புருஷன் என்னைக் கேட்டதே ஒரு யூகோ நாள்லதான் பெரினா. சின்னப் பொண்ணு, தலையாட்டிட்டேன். காத்து மாறுனதும் ரெண்டாம் வாட்டி சொல்லுன்னு கேக்கல, வெக்கம். அப்புறம் இருபது வருஷம், உப்பு தூக்கலா இருந்தாக்கூட, 'அன்னைக்குக் காத்து சரியில்ல, இல்லேன்னா உன்னக் கட்டியிருப்பனா'ம்பான். சாவுறதுக்கு முந்தின வாரமும் சொன்னான். இன்னொரு வாட்டி அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

வெங்காயம் நறுக்கியதால் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

காற்று மாறியது. ஒரே இரவில் வானம் நீலமாகி, எதிர்க்கரை மலைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. காலையிலேயே ஊர் துறையில் கூடிவிட்டது. நெவென்கா சமையல் உடுப்போடு வந்து நின்றாள். "சொல்லு" என்றாள். லோவ்ரே வாயைத் திறந்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். திறந்த வாய் இன்னும் அகலமாகத் திறந்தது. கொட்டாவி. அப்படியொரு கொட்டாவியை நான் கண்டதில்லை, அதைப் பார்த்துப் பாதிரியாரும் விட்டார், டாக்டரம்மாவும் விட்டார், கடைசியில் துறை முழுக்கக் கொட்டாவி.

நான் சொன்னேன் அல்லவா? உள்ளே யூகோ தொடங்கிவிட்டது.

அன்றிலிருந்து ஊரே சேர்ந்து அவனை உலுக்கிப் பார்த்தது. கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியான காபி கொடுத்தோம். குடித்துவிட்டுத் தூங்கினான். டாக்டரம்மா ஊசி போட்டார். சாப்பாட்டு நேரத்தில் 'ஆ' என்றான். ஸ்டிப்பே ஒரு வாளிக் கடல்தண்ணீரை மொண்டு தலையில் கொட்டினான். லோவ்ரே அசையாமல் நின்று, மறுநாள் கப்பல் வந்தபோது ஸ்டிப்பேயைப் பார்த்து, "எந்தக் கழுதைடா தண்ணி ஊத்துனது?" என்று கோபத்தில் நடுங்கினான். நெவென்கா தினமும் ஒருமுறை வருவாள், "சொல்லு" என்பாள். அவன் உதடு அசையும், நெற்றியில் வேர்க்கும். அவள் காத்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெதுவாக நடந்து போனாள். எனக்கு அவனைக் கொல்லலாம் போலவும் இருக்கும், கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருக்கும்.

ஈஸ்டர் முடிந்தது. மறுநாளும் வடகாற்றுதான். மெல்லிய, சுத்தமான காற்று. நெவென்கா பெரிய பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு துறைக்கு வந்தாள். அவள் அம்மா வீட்டுச் சீர்ப்பெட்டி, சட்டி பானையெல்லாம் அதற்குள்தான். என் கடையோரம் பெட்டியை நிறுத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். கப்பல் வந்தது. கயிறு விழுந்தது, லோவ்ரே கைகளை நீட்டினான், குனிந்தான், மாட்டினான். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். நெவென்கா அவன் முன்னால் போய் நின்றாள். "சொல்லு" என்று இந்த முறை கேட்கவில்லை.

"போறேன் லோவ்ரே" என்றாள். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவன் அவளைப் பார்த்தபடியே நின்றான். கப்பல் ஊதியது. லோவ்ரே மெல்லத் திரும்பினான். கயிற்றை அவிழ்க்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவன் கயிற்றைத் தாண்டி நடந்தான். தண்ணீருக்குள் நடப்பவனைப் போல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, என் கடைப் பக்கம் வந்து, நெவென்காவின் பெட்டிமேல் நடு மையமாக உட்கார்ந்தான்.

"யோவ்! கயித்த அவுருய்யா!" என்று ஸ்டிப்பே கத்தினான்.

லோவ்ரே உசும்பவில்லை. கப்பல் மறுபடி ஊதியது, இன்னும் நீளமாக. நெவென்கா வேகமாக வந்தாள்.

"எந்திரி. என் பெட்டி."

அவன் எழுந்திருக்கவில்லை.

"இது பதிலா, இல்ல தூக்கமா?"

இமைகள் முக்கால்வாசி இறங்கியிருந்தன. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"வாயத் தெறந்து சொல்லித் தொலையேன்டா, பாவி!" என்று நான் கடைக்குள்ளிருந்து அலறினேன். கப்பலில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே பக்கமாக வந்து எட்டிப் பார்த்ததில் கப்பலே சாய்ந்தது. லோவ்ரே என் பக்கம் கழுத்தைத் திருப்பினான். கண்கள் நிரம்பியிருந்தன. பெட்டியின் இரண்டு ஓரங்களையும் விரல் வெளுக்கும்படி இறுகப் பிடித்திருந்தான்.

நெவென்கா அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு தலை நிமிர்த்தித் துறையோரத்து மரத்தைப் பார்த்தாள். இலைகள் எல்லாம் தெற்குப் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தன, வடகாற்றுதான். மூக்கைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். கப்பலைப் பார்த்துக் கையை வீசி, போ, போ என்றாள். ஸ்டிப்பே தானே கீழே குதித்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஏறினான்.

நெவென்கா பெட்டிக்கு அருகில் வந்து நின்றாள். "கொஞ்சம் தள்ளி..." என்றாள். 'உக்காரு' என்ற சொல் அவள் வாயில் வருவதற்குள் லோவ்ரே தள்ளி உட்கார்ந்திருந்தான்.